அடுக்களையில் மருமக்கள் வழி

நாஞ்சில் நாட்டில் சொத்து எந்த வழியாக இறங்க வேண்டும் என்பதில் ஒரு காலத்தில் விசித்திரமான ஏற்பாடு ஒன்று இருந்தது. எங்களைப் போன்ற வேளாளர் வீடுகளில் குடும்பத் தலைவரான காரணவர் கட்டிக் காத்த வயலும் தோப்பும் அவர் பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது; உடன்பிறந்தாள் மகனுக்குப் போகும். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இந்தக் கூத்தையெல்லாம் ஓர் ஐந்தாம் தாரத்தின் வாயில் வைத்து ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ பாட, படித்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே வெட்கப்பட்டு, கடைசியில் 1926-ல் திருவிதாங்கூர் அரசாங்கம் சட்டம் போட்டு அந்த வழியை அடைத்தது. மகன்கள் மூச்சு விட்டார்கள், மருமகன்கள் முகம் சுளித்தார்கள், வக்கீல்கள் மட்டும் எப்போதும்போலச் செழித்தார்கள். ஆனால் சட்டம் எழுதியவர்கள் அடுக்களைக்குள் ஒருதடவை எட்டிப்பார்க்க மறந்துபோனார்கள். அங்கே அன்றைக்கும் மருமக்கள் வழிதான், இன்றைக்கும் மருமக்கள் வழிதான். மாமியிடமிருந்து மருமகளுக்கு, பத்திரம் கிடையாது, பதிவு கிடையாது, வாய்தாவும் கிடையாது.

இதை நான் கண்டுபிடிக்க ஒரு ஆயுசு ஆயிற்று. ‘எங்க குடும்பத்துத் தீயல்’ என்று எத்தனையோ ஊரில், எத்தனையோ பேரிடம் மீசையை நீவிக்கொண்டு பீற்றியிருக்கிறேன். மீசை நரைத்தபிறகு ஒருநாள் தோவாளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் கணக்கு வேறுமாதிரி விழுந்தது. அந்தத் தீயலை எனக்கு விவரம் தெரிந்த நாளில் வைத்தவள் ஆச்சி; அவள் பிறந்த ஊர் சுசீந்திரம். அவளுக்குப் பிறகு வைத்தவள் அம்மை, அவள் பூதப்பாண்டிக்காரி. அம்மைக்குப் பிறகு என் மனைவி. அவள் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம், வள்ளியூர். இப்போது பெங்களூரில் வைத்துக்கொண்டிருக்கிற மருமகளோ ஈரோட்டில் பிறந்தவள். ஆக, எங்கள் குடும்பத்துத் தீயலை எங்கள் குடும்பத்தில் பிறந்த ஒருத்தரும் அந்த வீட்டில் நின்று வைத்ததே இல்லை! பிறந்தவர்களுக்கு விட்டிருந்த வேலைகள் இரண்டுதான்: பெண்பிள்ளைகள் உள்ளி உரிக்கலாம், ஆண்பிள்ளைகள் தின்றுவிட்டுக் குறை சொல்லலாம். உங்கள் வீட்டுக் குழம்பையும் இப்படி ஒருதடவை வம்சாவளி பார்த்துவையுங்கள். பீற்றல் கொஞ்சம் அடங்கும்.

ஆச்சி தீயல் வைக்கிற நாளைத் தெருவுக்கே தெரியும். அரைமுறித் தேங்காயைத் திருவி, இரும்புச் சீனிச்சட்டியில் போட்டு, நாலு உள்ளியும் கொஞ்சம் நல்லமிளகும் ஒரு உருவு கறிவேப்பிலையும் சேர்த்து, அடுப்பில் எரிகிற கொதும்பை வெளியே இழுத்துத் தீயைத் தணித்துவிட்டு, சிரட்டை அகப்பையால் கிண்டத் தொடங்கினால் அந்தக் கை ஓயாது. வெள்ளைத் தேங்காய் பொன்னாகும், பொன் செம்பாகும், செம்பு கறுக்கப்போகிற கணத்துக்கு இமைப்பொழுது முன்னால் சட்டி இறங்கவேண்டும். பிந்தினால் கசப்பு; முந்தினால் அது தீயலே இல்லை, வெறும் தேங்காய்க் குழம்பு. வத்தல்மிளகாயையும் மல்லியையும் அந்தச் சூட்டிலேயே புரட்டி அம்மிக்குக் கொண்டுபோவாள். அரைப்பிலிருந்து எண்ணெய் கசிந்து குழவி வழுக்குகிறவரை அரைப்பு நடக்கும். அப்புறம் தேங்காயெண்ணெயில் வதக்கிய உள்ளி, புளித்தண்ணீர், உப்பு, அரைப்பு. எல்லாம் மண்சட்டியில் கொதித்துக் குறுகி மேலே எண்ணெய் தெளியும்போது ஆச்சி ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாள். நக்கிவிட்டு ஒன்றும் சொல்லமாட்டாள். சொல்லாமல் இருந்தால் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு வருவதுதான் எங்களுக்கான பங்கு. அம்மியில் ஒட்டியிருக்கிற அரைப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிற ஊதாரித்தனம் அந்தக் காலத்தில் கிடையாது. சுடுசோறு ஒரு கைப்பிடி எடுத்து அம்மியில் போட்டுக் குழவியால் ஒரு உருட்டு, கையால் ஒரு துடைப்பு. அம்மியும் சுத்தம், உருண்டையும் ஆயிற்று. அந்தக் கறுஞ்சிவப்பு உருண்டைக்காக நானும் என் தம்பியும் பிடித்த சண்டையின் தழும்பு இன்னும் அவன் புருவத்தில் இருக்கிறது. அவனுக்கும் பேரன் பிறந்தாயிற்று, தழும்பு மட்டும் பிடிவாதமாக இருக்கிறது. இன்றைக்கு மிக்ஸி ஜாருக்குள் சோற்றைப் போட்டுத் துடைத்து உருண்டை பிடித்துப் பாருங்கள், பிளேடு விரலைக் கேட்கும். நாகரிகம் எங்களுக்கு எத்தனையோ கொடுத்திருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உருண்டைக்கு ஈடாக அது எதையும் நீட்டியதாக ஞாபகம் இல்லை.

தீயல் எங்கள் ஊருக்கு இவ்வளவு ஒட்டிப்போனதற்குப் பூவும் ஒரு காரணம் என்பது என் சொந்த ஆராய்ச்சி. தோவாளை பூவூர். பிச்சியும் மல்லிகையும் விடிவதற்கு முன் மொட்டாகப் பறித்தால்தான் விலை. சந்தையே விடியாத இருட்டில்தான் கூடும். எங்கள் தெருப் பெண்கள் அரிக்கேன் விளக்கோடும், பிற்பாடு டார்ச்சோடும் தோட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது யார் அடுப்பு பற்றவைத்துக் குழம்பு வைக்கப்போகிறார்கள்? ராத்திரி நீர் ஊற்றிய பழையது இருக்கும், முந்தினநாள் தீயல் இருக்கும். வறுத்தரைத்த குழம்பு கெடாது. கெடாதது மட்டுமில்லை, முதல்நாள் முறைத்துக்கொண்டிருந்த புளியும் மிளகாயும் ராத்திரி தனியே பேசிச் சமாதானமாகி, மறுநாள் காலையில்தான் ஒருமுகமாய் நிற்கும். பூ வாசமும் தீயல் வாசமும் கலந்த கையால் எங்களுக்குப் பழையது பிழிந்து போடுவார்கள். நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். நாகர்கோவிலில் ஓட்டல்கள் இருந்தன, அங்கே பூரி இருந்தது, மசாலா இருந்தது. பழையதும் தீயலும் யாருக்கு வேண்டும்?

அந்தப் பையனை எங்காவது பார்த்தால் காதைத் திருகவேண்டும்போல இருக்கிறது. போனவருஷம் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் மண்குவளையில் பழையது கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தில் வாழையிலைக் கீற்றில் ரெண்டு உள்ளி, ஒரு வற்றல். பில் வந்தபோது அதிலிருந்த தொகையைப் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு ஆச்சி காலத்தில் ஒரு கோட்டை நெல்லே வாங்கியிருக்கலாம். ஆனாலும் மறுபேச்சில்லாமல் கொடுத்தேன், கொடுத்ததோடு நிற்காமல் பரிமாறிய பையனிடம், “தம்பி, இதுக்கு ஒரு தீயல் இருந்தா எப்பிடி இருக்கும் தெரியுமா?” என்று தொடங்கி அவனுடைய அரைமணி நேரத்தையும் எடுத்துக்கொண்டேன். அவன் அசாம்காரன் போலிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினான்.

கல்லூரிக்குப் போனபிறகு நான் இன்னும் மோசமானேன். வேதியியல் மாணவன். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் நிறுத்து, அளந்து, எழுதிவைத்துவிடலாம் என்று நம்பின வயது. ஒரு லீவில் நோட்டுப்புத்தகமும் பென்சிலுமாக அடுக்களை வாசலில் போய் நின்று, “ஆச்சி, மல்லி எவ்வளவு?” என்றேன். “கொஞ்சம்” என்றாள். “கொஞ்சம்னா?” “கைக்கு வந்தது.” “தேங்காய் எத்தனை நிமிஷம் வறுக்கணும்?” ஆச்சி அகப்பையை நிறுத்தவில்லை, முகத்தை மட்டும் திருப்பி, “மணம் வடக்குத்தெரு திரும்புத வரைக்கும் வறுக்கணும் மக்களே. நீ என்ன வைத்தியனா, நிறுத்து மருந்து குடுக்க?” என்றாள். வடக்குத்தெரு எங்கள் வீட்டிலிருந்து எத்தனை அடி, ஆனி ஆடிக் காற்றில் மணம் எத்தனை வினாடியில் போகும் என்று நான் நிஜமாகவே யோசித்தேன் என்பதை இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த நோட்டுப்புத்தகத்தில் ‘தீயல்’ என்ற தலைப்பும் அடிக்கோடும் மட்டும் இருந்தன.

அம்மை கொஞ்சம் முன்னேற்றக்காரி. பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-ல் வெளிவந்து வீடுவீடாய்ப் பரவிக்கொண்டிருந்த காலம். அம்மை கல்யாணமாகி வரும்போது டிரங்குப்பெட்டியில் புடவைக்கு அடியில் அதையும் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஆச்சி அதைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, “சமைச்சுப் பாருண்ணு சொல்லுகதுக்கு இவ்வளவு தடிப் பொஸ்தகமா?” என்று கேட்டதாகக் குடும்ப வரலாறு. அதற்குப் பிறகு புத்தகம் டிரங்குப்பெட்டிக்கே திரும்பிவிட்டது, அம்மை அடுக்களைக்குள் மாமிக்குப் பின்னால் நின்றாள். எத்தனை வருஷம் நின்றாளோ, ஆச்சி ஒருநாள் அகப்பையை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்து வெற்றிலை போட்டாள். அவ்வளவுதான் பட்டாபிஷேகம்.

ஆனால் சொத்து வழக்கு அங்கேதான் தொடங்கியது. வடசேரியில் வாழ்க்கைப்பட்ட அத்தை ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவாள். வந்து உட்கார்ந்து, முதல் உருண்டையை வாயில் போட்டு, கூரையைப் பார்ப்பாள். “எங்க அம்மைக்க தீயல் இப்பிடி இருக்காது” என்பாள். அம்மை இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே, “உங்க அம்மை எனக்குத்தானே சொல்லித் தந்தாவ” என்பாள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அத்தை அந்த வீட்டு மகள். ஆனால் அவள் தீயல் வைக்கக் கற்றது வடசேரி மாமியிடம், அதில் முருங்கைக்காய் கிடக்கும். மகளுக்குப் பாத்தியதை இருந்தது, அனுபோகம் இல்லை. மருமகளுக்கு அனுபோகம் இருந்தது, பாத்தியதை இல்லை. நடுவில் ஆச்சி வெற்றிலையை மென்றுகொண்டு யாருக்கும் சாட்சி சொல்லாமல் இருந்தாள். இவ்வளவு தந்திரமான காரணவரை மான்மியத்தில்கூட நான் கண்டதில்லை.

சென்னையில் வேலை கிடைத்து திருவல்லிக்கேணியில் ஒரு மேன்சன் அறையில் நாலு பேரோடு கிடந்தபோது, நாக்கு முதல்தடவையாக ஊரை நினைத்தது. மெஸ் சாம்பார் என்னை ஒரே மாதத்தில் தீயல் பக்தனாக்கிவிட்டது. அம்மைக்கு எழுதினேன்: செய்முறை விவரமாக வேண்டும். பதில் இன்லண்டில் வந்தது. மூன்று பக்கம் ஊர்ச் செய்தி: யார் வீட்டில் கல்யாணம், சானலில் தண்ணீர் விட்டாச்சு, கும்பப்பூ நடவு முடிந்தது. மடிக்கிற ஓரத்தில், நுணுக்கி எழுதிய நாலு வரியில் தீயல்: தேங்காயைப் பாகமாய் வறு, வேண்டிய அளவு வத்தலும் மல்லியும் சேர், வெண்ணெயாய் அரை, பக்குவம் பார்த்து இறக்கு. பாகம், வேண்டிய அளவு, பக்குவம். புத்தகத்தோடு வீட்டுக்குள் வந்தவளும் கடைசியில் ஆச்சியாகத்தான் எழுதினாள். மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் நாங்கள் நாலு பேரும் அன்றைக்கு வைத்ததை என்னவென்று சொல்வது? மேன்சன் பூனை அதை முகர்ந்துபார்த்துவிட்டு எங்களை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

பிறகு என் கல்யாணம். பெண் வள்ளியூர் என்றதும் ஊர்க்கிழவிகள், “பாண்டிக்காரியா?” என்றார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்துவிட்டது உண்மை. மார்ஷல் நேசமணியும் மற்றவர்களும் போராடி வாங்கித் தந்த எல்லை. ஆனால் எண்ணெய்க்கு ஒரு எல்லை உண்டு, அதை எந்த கமிஷனும் தொடவில்லை. கணவாய்க்கு அந்தப் பக்கம் நல்லெண்ணெய், இந்தப் பக்கம் தேங்காயெண்ணெய். என் மனைவி சீரோடு கொண்டுவந்த நல்லெண்ணெய்த் தகரத்தை அம்மை தலைக்குத் தேய்க்க வைத்துக்கொண்டாள். “அத்தே, குழம்புக்கு…” என்று இவள் தொடங்கினால், “தீவாளிக்கு ஆகும்” என்று வாயை அடைத்துவிடுவாள். நான் அலுவலகம் விட்டு வந்தபிறகு அடுக்களையிலிருந்து வரும் சத்தத்தை வைத்தே எண்ணெய் நிலவரம் சொல்லிவிடுவேன். தகரம் தீர்ந்துபோயிற்று, சண்டையும் தீர்ந்துபோயிற்று. ஆனால் அம்மை காலமான பிறகு, தாளிக்கிற எண்ணெயில் கடைசியாக ஒரு சொட்டு நல்லெண்ணெய் விழுவதை நான் பார்த்திருக்கிறேன். கேட்டதில்லை. தீயல் நன்றாக இருந்தது.

கலப்பைப் பற்றி முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஆச்சியின் பழம்பெரும் தீயலில் கிடந்த வத்தல்மிளகாய் போர்ச்சுகீசியர் கப்பலேறி வந்து இறங்கிய சரக்கு. அதற்கு முன்னால் எங்கள் முப்பாட்டிகள் நல்லமிளகை மட்டும் வைத்துக்கொண்டு என்ன தீயல் வைத்தார்களோ. கூடத் தின்கிற மரச்சீனிக்கிழங்கும் வந்தேறிதான், அதை இங்கே பரப்பியதில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்குண்டு. 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, நெல் விளைகிற நாட்டிலேயே கிழங்கைத் தின்று உயிர் வைத்திருந்த கதையை ஆச்சி அடிக்கடி சொல்வாள். அப்போதுதான் தீயல் கிழங்குக்கும் ஆகும் என்று தெரிந்ததாம். சோற்று விஷயமும் அப்படியே. எங்கள் கட்டிச்சம்பாவுக்குப் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஐ.ஆர். 8-ஐச் சம்பந்தம் பேசி, 1980-களில் திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் டி.பி.எஸ். 1 என்று ஒரு பிள்ளையைப் பெற்றுக்கொடுத்தார்கள். பெயரில் மட்டும் வீட்டு வாசம் இல்லை. கூப்பிட்டால் ரயில்வே சிக்னல் மாதிரி இருக்கிறது, பொங்கினால் சோறாகத்தான் இருக்கிறது.

அம்மி போன கதை தனிக்கதை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று என்றால் ஆச்சிக்கு ஆகாது. ஆனி ஆடியில் அடுப்பை அணைக்கும், வெயிலில் காயப்போட்ட வடகத்தைச் சானல்கரை வரை கொண்டுபோகும், கண்ணில் உமியை வீசும். “இந்தக் காத்தை யாராவது பிடிச்சுக் கட்டமாட்டானா?” என்று வைவாள். ஆச்சி போன பிறகு, 1980-களில், முப்பந்தல் பக்கம் வெள்ளைவெளேரென்று கம்பங்களை நட்டு மூன்று இறக்கை மாட்டி, அந்தக் காற்றை உண்மையிலேயே பிடித்துக் கட்டிவிட்டார்கள். இப்போது அதே காற்று கரண்டாகிக் கம்பி வழியே நல்லபிள்ளையாக வந்து, அடுக்களையில் மிக்ஸியைச் சுற்றித் தேங்காயை அரைக்கிறது. அம்மியை ஓரங்கட்டியதும் அதே காற்றுதான். 2011-க்குப் பிறகு அரசாங்கமே வீட்டுக்கு வீடு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று இலவசமாகக் கொடுத்தபோது, எங்கள் தெருவில் மிச்சமிருந்த அம்மிகளும் புறவாசலுக்குப் போய் முருங்கைமரத்தடியில் உட்கார்ந்துவிட்டன. இரண்டு நிமிஷத்தில் அரைந்துவிடுகிறது. தோள்பட்டை வலி இல்லை. என் மனைவி இந்த வயதிலும் நிமிர்ந்து நடக்கிறாள் என்றால் அதில் மிக்ஸிக்குப் பங்கு உண்டு. அம்மியில் அரைத்ததுதான் ருசி என்று பேசுகிற ஆண்களைக் கூட்டிக்கொண்டுவந்து ஒரு நாள் அரைக்கவிட வேண்டும். நானும் போன தைமாதம் வரை அப்படிப் பேசியவன்தான். மனைவி முருங்கைமரத்தடியைக் கையால் காட்டினாள், நிறுத்திக்கொண்டேன்.

கல்யாணச் சாப்பாடு பற்றித் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. முந்தினநாள் ராத்திரி பந்தலில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஊரே கூடிக் காய்கறி வெட்டுவதும், தவசிப்பிள்ளை அதிகாரத் தோரணையில் உருளிக்கு உருளி நடப்பதும், விடிந்தால் அவியல், எரிசேரி, இஞ்சிப்பச்சடி, பிரதமன் என்று இலை நிறைவதும், பந்தி எல்லாம் ஓய்ந்தபிறகு மிஞ்சியவற்றை ஒன்றாகப் போட்டுச் சுண்டவைத்த பழங்கறிக்காகக் கல்யாணத்துக்கு வராதவர்கள்கூட மறுநாள் வருவதும் — விடுங்கள். இப்போது மண்டபம், பஃபே, கையில் தட்டோடு வரிசை. கோபி மஞ்சூரியன் பக்கத்தில் அவியல் ஒரு ஓரமாக, ஒன்றுவிட்ட சொந்தத்தில் வந்த ஏழைப் பெரியப்பா மாதிரி கூச்சத்தோடு நிற்கிறது.

எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வாங்குகிற காலம் இது. எங்கள் மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு வந்தது. சிவப்பரளியும் வெள்ளையரளியும் நொச்சியிலையும் வைத்து மடித்து மடித்துக் கட்டுகிற தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-ல் வந்தது. அந்த மாலை கட்டுகிறவர்களுக்கு வந்த சந்தோஷம் நியாயமானது, ஊரே பெருமைப்பட்டது. நாஞ்சில் நாட்டு உணவைப் பற்றி நாஞ்சில்நாடன் தனி நூலே எழுதிவிட்டார். அதை வாங்கிவந்து மனைவியிடம் கொடுத்தேன். அந்த வள்ளியூர்க்காரி இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, வீரநாராயணமங்கலத்தில் பிறந்தவர் எழுதியதைத் திருத்தப் பென்சில் தேடினாள். தீயலுக்குக் குறியீடு கேட்டு யாராவது அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பூர்வீகம் எது என்று கேட்பார். சுசீந்திரம், பூதப்பாண்டி, வள்ளியூர், ஈரோடு என்று பஸ் போர்டு வாசிக்கிற மாதிரி சொல்லவேண்டியிருக்கும்.

போன ஓணத்துக்கு எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். அத்தப்பூக் கோலத்துக்காகக் கேரளத்து வண்டிகள் வரிசைகட்டி நின்று, தோவாளைச் சந்தையில் கேந்தியும் வாடாமல்லியும் மலைமலையாய்க் குவிகிற நாட்கள். பெங்களூரிலிருந்து மகனும் மருமகளும், திருவனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் குடும்பத்தோடு. மகள் முதல் உருண்டையை வாயில் போட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தாள். எனக்கு வடசேரி அத்தை நினைவு வந்து முதுகு சில்லிட்டது. “அம்மா, பாட்டி வைக்கது இப்பிடி இருக்காதே” என்றாள். மனைவி அகப்பையைக் கீழே வைத்தாள். மருமகள் சிரித்துக்கொண்டே, “நானும் வெக்கறேனுங்க அத்தை, மாமாவே பார்த்துச் சொல்லட்டும்” என்றாள். அரைமணி நேரத்தில் மூன்று சட்டிகள் ஆயின. மகளுடையதில் பாவக்காய், அவள் மாமியார் முறை. மருமகள் தேங்காயை மைக்ரோவேவில் இரண்டிரண்டு நிமிஷமாக வைத்து எடுத்துக் கிளறி மறுபடி வைத்தாள். வதக்கியது கடலை எண்ணெயில். பேத்தி கைப்பேசியில் டைமர் வைத்துக்கொண்டு, “தாத்தா, எத்தனை நிமிஷம்?” என்று கேட்டாள். “மணம் வரணும் மக்களே” என்றேன். சொன்ன பிறகுதான் யார் பேசுவது என்று உறைத்தது.

மூன்று கிண்ணம் என் முன்னால் வந்தன. மூன்று பெண்கள் கைகட்டி நின்றார்கள். மகன் தன்னால் முடிந்த அளவு தூரத்தில் போய் நின்றுகொண்டான். நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் முன்னோர் வழக்காடி வழக்காடிச் சொத்தைக் கோர்ட்டுக்குக் கொடுத்தவர்கள்; அந்த ரத்தம் எனக்கு வழிகாட்டியது. தீயலை வைத்த அன்றைக்கே தீர்ப்புச் சொல்வது முறையில்லை, மறுநாள் காலையில் பழையதோடு சேர்த்துத்தான் விசாரிக்கமுடியும் என்று அறிவித்து வழக்கை ஒத்திவைத்தேன். ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பழையது பிழிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுப்பில் ஒரே ஒரு சட்டி இருந்தது. ஃப்ரிட்ஜில் ஓணப் பாயசத்துக்கும் பூப்பொட்டலத்துக்கும் போக இடம் இல்லையென்று ராத்திரி யாரோ மூன்றையும் ஒன்றாக ஊற்றிச் சுண்டவைத்திருக்கிறார்கள். யார் என்று விசாரணை நடந்தது. மனைவி மகளைச் சொன்னாள், மகள் மருமகளைச் சொன்னாள், மருமகள், “மாமாதானுங்க ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சு வந்தாரு” என்றாள். பாவக்காயும் உள்ளியும் மூன்றுவகை எண்ணெயும் ஒன்றாய்க் கறுத்துத் தெளிந்து கிடந்தன. சாட்சியம் அழிந்துபோன வழக்கில் நீதிபதி வேறென்ன செய்யமுடியும்? இன்னும் இரண்டு அகப்பை போடச் சொன்னேன்.